மண்டபத்தில் எழுதிய பட்டியல்

ஃபாரத்தில் அது பதினோராவது கேள்வி. எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருந்தது.

நான் நாலாவது வரைக்கும் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதினால் கோணல்மாணலாக வரும். அதனால் ஆபீஸ் கிளார்க் அம்மாவே எனக்காக எழுதினார். பெயர், வயது, தெரு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். வீட்டுக்காரர் பெயருக்கு மட்டும் ரேஷன் கார்டை நீட்டினேன். பார்த்து எழுதிக்கொண்டார். பதினோராவதுக்கு வந்ததும் என்னைக் கேட்கவே இல்லை. பேனா தானாக 'இல்லை' கட்டத்துக்குப் போனது.

"மேடம், இருக்கு" என்றேன்.

"என்ன இருக்கு?"

"போலீஸ் புடிச்சிருக்காங்க. ஒரு வாட்டி."

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "எதுக்கு? திருட்டுக் கேஸா?"

"தண்ணிக்கு."

"தண்ணிக்கா?"

"ரோட்ல குடத்த வச்சிக்கினு உக்காந்தோம். இட்டுகினு போய்ட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். "இதெல்லாம் ஒரு அரெஸ்டாம்மா? இல்லைன்னு போட்டுடறேன். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"வேணாம் மேடம். இருக்குன்னே போடுங்க."

"போட்டா, அந்தக் கேஸ் என்ன ஆச்சுன்னு பேப்பர் கேப்பாங்க. நீங்கதான் தேடி எடுத்துட்டு வரணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா உங்களுக்கு அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"எடுத்தாறேன்" என்றேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி அது. தினக்கூலிக்கு ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷம். அந்த வருஷம் நாலு பேரைப் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள் என்று லிஸ்ட் வந்தது. நான் மூணாவது. பர்மனென்ட் ஆகிவிட்டால் லீவு உண்டு, உடம்புக்கு முடியாவிட்டால் வேலை போகாது. எட்டு வருஷமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். மாசக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

ஏன் 'இல்லை' என்று போட விடவில்லை என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். அதற்கு அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் தெரு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது. அப்போது முப்பது நாற்பது வீடு. கிணறெல்லாம் வற்றிவிட்டது. தண்ணி லாரி வாரத்துக்கு ரெண்டு நாள் வரும். அந்த வைகாசியில் பதினோரு நாள் வரவில்லை. போய்க் கேட்டால் நாளைக்கு என்பார்கள்.

எங்கள் தெருவில் பால்காரம்மா ஒருத்தி. ரெண்டு எருமை வைத்திருந்தாள். வீட்டுக்காரர் செத்துப் பல வருஷம். வாய் பெரிசு. அவள்தான் ஒரு காலையில் தெரு நடுவில் நின்று கத்தினாள்.

"மனுசங்க நாக்கு வறண்டு கெடந்தா எவனும் கேக்க மாட்டான். பஸ்ஸு நின்னா கேப்பான். எட்றீ குடத்த!"

முப்பத்தோரு பொம்பிளைகள் போனோம். கூட்டம், சண்டை எதற்கும் நான் போகிறவள் இல்லை. எதிர் வீட்டு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள், சின்ன மகளைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டுப் போனேன். தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மூணு பஸ் நின்றது. ஒரு கண்டக்டர் இறங்கி வந்தார். "அக்கா, மறிக்கிறதுதான் மறிக்கிறீங்க, ஒரு ஓரமா உக்காந்து மறிங்களேன்" என்றார்.

"நீ ஒரு ஓரமா பஸ்ஸ ஓட்டு" என்றாள் பால்காரம்மா.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. எல்லாரையும் குடத்தோடு லாரியில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் முப்பத்தோரு பேருக்கு இடம் ஏது. பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் வாழை மரம் அவிழ்க்காமல் இருந்தது. தரையெல்லாம் அட்சதை. சந்தன வாசனை.

ஃபேனைப் போட்டார்கள். சுவர் ஓரமாகச் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். பகலில் ஃபேனுக்குக் கீழே படுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சமைக்க வேண்டாம், தண்ணிக்கு ஓட வேண்டாம். எதிர் வீட்டு அக்கா குறட்டையே விட்டாள்.

அப்புறம் ஒரு போலீஸ்காரர் நீள நோட்டோடு வந்து எழுப்பினார். முதல் ஆளிடம் பேர் கேட்டார், சொன்னாள். புருஷன் பேர் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரெண்டாவது ஆளைக் கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் பக்கம் வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்ல மாட்டோம். நானும் சொன்னதில்லை.

"இது இன்னாடா பேஜாரா கீது" என்று அவர் தலையில் கை வைத்தார். அந்த நேரம் வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு இறக்கி வைக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பால்காரம்மா எழுந்தாள்.

"இன்னாங்கடி, ராத்திரி வரைக்கும் இங்கியே கெடக்கறதா உத்தேசம்? தோ பாரு. ஒவ்வொருத்தியும் சோத்தாங்கைப் பக்கம் கீறவ புருஷன் பேர சொல்லிடுங்க. கடசீல கீறவ மொத ஆளு புருஷன சொல்லட்டும். அடுத்தவ புருஷன் பேர சொன்னா ஒண்ணியும் ஆவாது. முடிஞ்சிச்சா?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. போலீஸ்காரர் திரும்பி வந்தார். முதலில் இருந்து ஆரம்பித்தார். ஒருத்தி கூடத் தயங்கவில்லை. பேர், புருஷன் பேர், மடமடவென்று வந்தது.

"இப்ப மட்டும் எப்டிம்மா வாய் தொறந்துச்சு?" என்றார்.

"சோறு வந்துட்சே சார்" என்றாள் பால்காரம்மா. அவரும் சிரித்தார்.

என் இடப்பக்கம் பால்காரம்மா. வலப்பக்கம் எதிர் வீட்டு அக்கா. என் முறை வந்தது. என் பேரைச் சொன்னேன். அக்கா வீட்டுக்காரர் பேரையும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். கடைசியில் எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தோம். தக்காளி சோறு சாப்பிட்டோம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டார்கள். குடமெல்லாம் மண்டபத்துத் தாழ்வாரத்தில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு குழாய். பால்காரம்மா போய்த் திருகினாள். தண்ணி கொட்டியது. அங்கே போர் போட்டு மோட்டார் வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் ஓடி வந்தார். போலீஸ்காரர் அவரைப் பார்த்து, "வுடுப்பா, புடிச்சிகினு போவட்டும். சீக்கிரம் புடிங்கம்மா, அய்யா வந்துடப் போறாரு" என்றார்.

தண்ணி கேட்டுப் போனோம். போலீஸ் பிடித்தது. தண்ணியோடு வீட்டுக்கு வந்தோம். முப்பத்தோரு குடமும் நிறைந்திருந்தது. ரோட்டு ஓரமாக வரிசையாக நடந்தோம்.

என் வீட்டுக்காரர் கல் குவாரியில் வேலை செய்தவர். என்னை விடப் பேச்சு கம்மி. நான் போனபோது அவரே சோறு வடித்து வைத்திருந்தார். குடத்தைப் பார்த்தார்.

"எங்க புடிச்ச?"

"மண்டபத்துல."

ஒரு சொம்பு மொண்டு குடித்தார். "நல்லா கீது" என்றார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ரெண்டு மாசத்தில் எங்கள் தெரு முனையில் குழாய் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட மனசு வரவில்லை. தெருவுக்காக நான் ஒரே ஒரு நாள்தான் போனேன். அதையும் போகவில்லை என்று எழுதிக் கொடுப்பதா?

லீவு நாள் பார்த்து ஸ்டேஷனுக்குப் போனேன். இதற்குள் எங்கள் பக்கம் ஸ்டேஷன் ரெண்டாகப் பிரிந்திருந்தது. புது ஸ்டேஷனில், அது பழைய ஸ்டேஷன் கேஸ் என்றார்கள். பழைய ஸ்டேஷனில், உங்கள் தெரு இப்போது எங்களுடையது இல்லையே என்றார்கள். ரெண்டு தடவை அங்கேயும் இங்கேயும் நடந்தேன். மூணாவது தடவை பழைய ஸ்டேஷனில் ஒரு ஏட்டு இருந்தார். வயிறு பெரிசு, குரல் மெலிசு. என்னை உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் கேஸ் இல்லைன்னு சொல்லிகினு வருவாங்க. நீ கேஸ் இருக்குன்னு வந்து நிக்கிற. இன்னாம்மா வேணும் உனுக்கு?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"பயப்படாத. புடிக்கிறது வேற, கேஸ் போடறது வேற, தண்டன வேற. புடிச்சவங்கள்லாம் குத்தவாளி இல்ல. இங்க எங்கிட்ட கீறது, உன்ன புடிச்சோம், கேஸ் போட்டோம், அந்த நம்பரு. அவ்ளோதான். அந்த கேஸ் இன்னா ஆச்சுன்னு கோர்ட்ல எழுதியிருப்பான். ஆஸ்பத்திரிக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. ஆனா இங்க நம்பர் எடுக்காம அங்க போனா தேட மாட்டான்."

"நம்பர் குடுங்க சார்."

"தேதி சொல்லு, குடுக்கறேன்."

தேதி எனக்கு எங்கே தெரியும். "வைகாசி மாசம். மொத நாள் அந்த மண்டபத்துல கல்யாணம்" என்றேன்.

"எந்த வருசம்?"

"எங்க சின்ன பொண்ணு அப்ப தவழ்ந்துகினு இருந்துச்சு."

ஏட்டு என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். நோட்டுகள் மேல்தட்டு வரைக்கும் அடுக்கியிருந்தது. "இதுல தவழ்ந்த வருசம்னு எந்த நோட்டும் இல்லியேம்மா."

வெளியே வந்தேன். நின்று யோசித்தேன். பிறகு நேராக அந்த மண்டபத்துக்கே போனேன். மேனேஜர் புதியவர். ஆனால் பழைய புக்கிங் நோட்டெல்லாம் வைத்திருந்தார். எந்த நாள் எந்த வீட்டுக் கல்யாணம் என்று எழுதுகிற நோட்டு. சின்னவளின் வயதைக் கணக்குப் போட்டு ரெண்டு வருஷத்து நோட்டை எடுத்தார். வைகாசிப் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்துச் சிரித்தார். முகூர்த்தத்துக்கு மறுநாள் கோட்டில், பொண்ணு வீடு மாப்பிள்ளை வீடு எழுதுகிற இடத்தில், 'போலீஸ். பெண்கள் 31. டேங்க் காலி' என்று எழுதியிருந்தது.

தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஏட்டிடம் நீட்டினேன். கால் மணியில் நம்பரை எடுத்துவிட்டார். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்றார்.

அப்புறம் தாம்பரத்தில் கோர்ட்டு. அங்கே பழைய கட்டுகளிலிருந்து நகல் கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி மனுஷர். நகலுக்கு மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். கட்டு மேஜை மேல் இருந்தது. சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பட்டியலில் விரலை ஓட்டினார். என் பேரைப் படித்தார்.

"பதினேழாம் நம்பர். இதானே?"

"ஆமா சார்."

அடுத்து, இன்னார் மனைவி என்று படித்தார். எதிர் வீட்டு அக்கா வீட்டுக்காரர் பேர் அது.

"அது எங்க வூட்டுக்காரர் இல்ல சார்" என்றேன்.

"அப்ப இது நீ இல்ல."

"நான்தான் சார்."

"சரி, உன் வீட்டுக்காரர் பேர் என்ன?"

நான் பையில் கை விட்டேன். ரேஷன் கார்டு அன்றைக்குக் கையில் இல்லை. கிளார்க் அம்மா ஃபாரத்தோடு வாங்கி வைத்திருந்தார்.

"பேர் என்னம்மா?"

தரையைப் பார்த்தேன்.

"காலங்காத்தால வந்து உயிரை எடுக்கறியே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ரெக்கார்டுப்படி உன் பேர்ல இருக்கிறது வேற ஒருத்தர் சம்சாரம். அதனால இந்தக் கேஸ்ல நீ கிடையாதுன்னு எழுதிக் குடுக்கறேன். பொய்யும் இல்ல. அதை ஆபீஸ்ல குடு. கேஸே இல்லாத ஆள்னு ஆயிடும். வேலையும் கிடைக்கும். என்ன சொல்ற?"

பத்து நாள் பாக்கி இருந்தது. அவர் சொன்னது சுலபமான வழி. பேனாவையும் எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். நான் போனேன்" என்றேன்.

"உனக்கு அரெஸ்ட் ஆனதுல அவ்வளவு ஆசையா?"

"தண்ணி வந்துச்சு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கட்டைக் கட்டி வைத்துவிட்டார். அந்தப் பதினேழாம் ஆள் நீதான் என்று காட்ட ஏதாவது கொண்டு வா என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் போலீஸ்காரரை மனசுக்குள் திட்டினேன். எழுதத் தெரியாமல் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி நடந்தேன். தெரு முனைக் குழாயில் அக்கா தண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் பளிச்சென்று வந்தது. அவர் தப்பாக எழுதவில்லை. சொன்னதைத்தான் எழுதினார். அவர் வெளியே போயிருந்தபோது நாங்கள் பேசி வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா வீட்டுக்காரர் பேரை என் வாயால் நான்தான் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்டின்னா முப்பத்தோரு பேருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அய்யய்யோ" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். குழாயில் தண்ணி போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் அக்காவும் பால்காரம்மாவும் என்னோடு கோர்ட்டுக்கு வந்தார்கள். ரேஷன் கார்டையும் கேட்டு வாங்கி வந்தேன். மூணு பேரைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பால்காரம்மா மண்டபத்தில் நடந்ததை விஸ்தாரமாகச் சொன்னாள். அவர் நம்பவில்லை. கட்டைப் பிரித்து முதல் பேரிலிருந்து படித்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா, "ஆமா, அது ரெண்டாவது உக்காந்தவ புருஷன்", "அது மூணாவது கீறவளுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினஞ்சாவது பெண்ணுக்குப் பால்காரம்மாவின் செத்துப்போன வீட்டுக்காரர் பேர் இருந்தது. பதினாறு பால்காரம்மா. அவளுக்கு நேரே என் வீட்டுக்காரர் பேர்.

கண்ணாடிக்காரர் அதைப் படித்ததும் நான் ரேஷன் கார்டை எடுத்து அந்தப் பேரில் விரல் வைத்தேன். அவர் கார்டைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். பால்காரம்மாவைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா கோர்ட்டு எனக்கு ஒரு புருஷன குடுத்து வச்சிகீது. ஒரு வார்த்த சொன்னீங்களா சார்?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். முப்பத்தொண்ணாம் ஆளுக்கு முதல் ஆள் புருஷன் இருக்கிறதா என்று அவரும் சரி பார்த்தார். இருந்தது.

"திருத்த முடியாதும்மா" என்றார் கண்ணாடிக்காரர். "ரெக்கார்டுல எழுதினது எழுதினதுதான். ஆனா ஒரு வழி இருக்கு. மூணு அஃபிடவிட் கொண்டா. ஒண்ணு நீ. ஒண்ணு உன் வீட்டுக்காரர், இவ என் மனைவின்னு. ஒண்ணு அந்தப் பேர்ல இருக்கிறவர், இவ என் மனைவி இல்லைன்னு. நீதிபதிகிட்ட வச்சுப் பார்க்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கழித்து எல்லாரும் போனோம். என் வீட்டுக்காரர் குவாரிக்கு லீவு போட்டார். அக்கா வீட்டுக்காரர், எதிர் வீட்டு அண்ணன், தாம்பரம் மார்க்கெட்டில் டெய்லர். அவரும் கடையை மூடிவிட்டு வந்தார். கோர்ட்டு வாசல் மரத்தடியில் ஒருத்தர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு உரக்கப் படித்துக் காட்டுவார். கூட்டம் கூடிவிட்டது.

"மேற்படி பெண்மணி எக்காலத்திலும் என் மனைவியாக இருந்தது இல்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று படித்தார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு இவங்க வூட்ல ஒரு வாய் காபி குடுப்பாங்களா?"

"குடுக்கலன்னா நம்ம வூட்டுக்கு வா. போடுய்யா கையெழுத்த" என்றாள் அக்கா.

"எனக்கும் ஒண்ணு அடிங்க சார், அவரு என் புருஷன் இல்லைன்னு" என்றாள் பால்காரம்மா. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "வேணாம், வுடுங்க. பேப்பர்லயாவது இருந்துட்டுப் போவட்டும்."

என் வீட்டுக்காரர் காது சிவந்துபோய் நின்றார். டைப் அடிக்கிறவர் அவரைக் கேட்டார்.

"இவங்க உங்க மனைவியா?"

"ஆமா."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

அவர் என்னைப் பார்த்தார். "எண்ணல சார்" என்றார்.

டைப் அடிக்கிறவர் நெடுங்காலமாக என்று அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எழுத்தெழுத்தாக நிதானமாகப் போட்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் சத்தமே இல்லை. ரெண்டு நாள் கோர்ட்டு லீவு. ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டிக்கொண்டிருப்பேன், மனசு நாளை எண்ணும். எனக்கு அடுத்த ஆள் என்னோடேயே வேலை செய்கிறவள். நல்லவள். என் பேப்பர் வந்ததா என்று தினமும் கேட்பாள். வரவில்லை என்றால் அவளுக்கு நல்லது. அப்படியும் கேட்பாள். நான் வரவில்லை என்பேன். ரெண்டு பேரும் வேலையைப் பார்ப்போம்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் நகல் கிடைத்தது. கண்ணாடிக்காரர் தானே சீல் வைத்துக் கொடுத்தார். கடைசி வரியைக் காட்டினார். அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அன்று மாலையே சொந்த ஜாமீனில் விடுவிக்கப்பட்டனர். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. அடியில், மனுதாரரும் பதினேழாம் நபரும் ஒருவரே என்று புதிதாக ஒரு வரி. நீதிபதி கையெழுத்து.

"கைவிட்டுட்டாங்கன்னா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே முடிஞ்சு போன விஷயம்னு அர்த்தம். உன்மேல ஒண்ணும் இல்ல."

"புடிச்சது?"

"அது இருக்கும். அதை யாரும் எடுக்க முடியாது" என்றார். கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை.

கிளார்க் அம்மா நகலை முழுசாகப் படித்தார். பட்டியலில் பதினாறு, பதினேழு வந்ததும் நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நடந்ததை நாலு வரியில் சொன்னேன். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஃபாரத்தோடு நகலைக் குத்தினார். பதினோராவது கேள்வியில் 'ஆம்' கட்டத்தை இன்னும் ஒரு தடவை அழுத்திப் போட்டார்.

அடுத்த மாசம் ஆர்டர் வந்தது. எனக்கு அடுத்தவளுக்கும் மறு வருஷம் வந்தது. அவள் ஃபாரத்தில் பதினோராவது கேள்விக்கு எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. அவளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

நகலில் ரெண்டு வாங்கியிருந்தேன். ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இன்னொன்று வீட்டில், ரேஷன் கார்டோடு ஒரே பையில். அதில் இன்றைக்கும் நான் எதிர் வீட்டு அண்ணன் சம்சாரம்தான். எங்கள் தெருவில் முப்பத்தோரு பேருக்கும் அப்படித்தான். வந்து கேட்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

பால்காரம்மா மட்டும் அதை விடவில்லை. எருமையை விற்ற பிறகும் சாயங்காலம் குழாயடிக்கு வருவாள். குடத்தை வைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்காரரு வேலக்கி போய்ட்டு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. சாப்ட்டுகினு கீறாரு" என்பேன்.

உள்ளே அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நகர்ந்து உட்காருவார்.